மருந்து இரசாயன ஆய்விதழைத் தெரிந்தெடுப்பது எப்படி: திருகோணமலை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நிலாவெளி வீதியோரம் ஆவாரை மஞ்சளாகப் பூத்திருந்த நாட்களில் ஓர் இறுதியாண்டு மாணவி என்னைப் பார்க்க வந்தார். கையில் ஆய்வறிக்கை, கைபேசியில் ஒரு மின்னஞ்சல். "சேர், இந்தச் சஞ்சிகைக்காரர்கள் என் பெயரைப் போட்டே எழுதியிருக்கிறார்கள். மருந்து இரசாயனச் சஞ்சிகை. இம்பாக்ட் ஃபாக்டர் 7.9 என்று இருக்கிறது. மூன்று நாளில் முடிவு சொல்வார்களாம். அனுப்பட்டுமா?"

"உங்களிடம் பிரித்தெடுத்த தனிச் சேர்வை ஏதும் இருக்கிறதா, பிள்ளை?" என்று கேட்டேன்.

இல்லை. ஆவாரை இலையின் மெதனோல் சாறு இருந்தது. அந்தச் சாறு அல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது என்ற முடிவு இருந்தது. ஒப்பீட்டுக்கு அக்கார்போஸ் என்ற நீரிழிவு மருந்தை வைத்திருந்தார். ஒவ்வோர் அளவீட்டையும் மூன்று தடவை செய்திருந்தார். நேர்மையான, சுத்தமான வேலை. ஆனால் அது மருந்து இரசாயன வேலை ஆகாது. அது தெரிந்திருந்தால் 7.9 என்ற எண் அவருடைய கண்ணில் அவ்வளவு பெரிதாக விழுந்திருக்காது. இம்பாக்ட் ஃபாக்டர், அதாவது தாக்கக் காரணி, ஓர் இதழின் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற கணக்குத்தான்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம் படிப்பவர்களும் சித்த மருத்துவம் படிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு சாராரிடம் கருவி அறிவு, மறு சாராரிடம் மூலிகை அறிவு. இரண்டும் சேருமிடத்தில் நல்ல கட்டுரைகள் பிறக்கின்றன. ஆனால் எந்த இதழுக்கு அனுப்புவது என்ற கட்டத்தில் இரு சாராரும் எண்ணைப் பார்த்து மயங்குவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். ஓர் இதழை முதலில் அதன் ஆய்வுப் பரப்பைக் கொண்டுதான் அறிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பரப்பு புரிந்த பிறகே எண்களுக்குப் பொருள் வரும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

முதலாம் படி: கையில் இருப்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

கொப்பியில் ஒரு வரி போதும். "ஒரு தாவரச் சாற்றின் தொழிற்பாட்டை அளந்தேன்." "ஒரு தாவரத்திலிருந்து ஒரு சேர்வையைப் பிரித்து அதன் கட்டமைப்பைக் கண்டேன்." "ஒரு மூலக்கூறைப் பல விதமாக மாற்றிச் செய்து, எந்த மாற்றம் மருந்தின் வலுவைக் கூட்டுகிறது என்று பார்த்தேன்." "ஒரு மூலக்கூறு நொதியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிக்கும் டொக்கிங் மட்டும் செய்தேன்." இந்த நான்கும் நான்கு வெவ்வேறு வாசல்கள்.

இவற்றில் மூன்றாவதுதான் மருந்து இரசாயனத்தின் உயிர்நாடி. கட்டமைப்புக்கும் தொழிற்பாட்டுக்கும் உள்ள உறவைத் தேடுவது அது. ஒரு மீதைல் கூட்டத்தை எடுத்துவிட்டு எதைல் கூட்டத்தை வைத்தால் என்ன ஆகிறது, வளையத்தில் நைதரசனை இடம் மாற்றினால் நொதியோடு சேரும் பிடி இறுகுகிறதா தளர்கிறதா, மருந்து ஈரலில் சிதையாமல் தப்புகிறதா என்றெல்லாம் கேட்கும் துறை.

நம் மண்ணிலேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. ஆவாரைக் குடிநீரில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில் எல்லாம் சேரும் என்பது சித்த மருத்துவ மாணவர்களுக்குத் தெரியும். அந்தக் கடலழிஞ்சிலைச் சிங்களத்தில் கோத்தலா ஹிம்புட்டு என்பார்கள். அதன் மரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது நீரிழிவுக்காரர்களிடையே பழைய வழக்கம். 1997 இல் ஜப்பானின் மசயுகி யோஷிகாவா குழுவினர் அந்தத் தாவரத்திலிருந்து சலசினோல் என்ற மூலக்கூறைப் பிரித்து அறிவித்தார்கள். நேரேற்றம் பெற்ற கந்தக அணுவைத் தாங்கிய, சர்க்கரையைப் போன்ற வடிவம் கொண்ட மூலக்கூறு அது. குடலில் மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் அல்ஃபா குளுக்கோசிடேஸைத் தடுக்கிறது. அடுத்த ஆண்டே கோட்டலனோல் என்ற உறவுக்கார மூலக்கூறும் வெளிவந்தது. பிறகு பல நாட்டு இரசாயனவியலாளர்கள் அவற்றின் சாயலில் புதிய மூலக்கூறுகளை ஆய்வுகூடத்தில் தொகுத்து, எந்தப் பகுதி இன்றியமையாதது என்று ஆராய்ந்தார்கள்.

ஒரே குவளைத் தண்ணீரின் கதைதான். ஆனால் மரபு வழக்கத்தைப் பற்றி எழுதினால் ஓர் இதழ், மூலக்கூறைப் பிரித்ததற்கு வேறோர் இதழ், சாயல் மூலக்கூறுகளின் தொடருக்கு இன்னோர் இதழ். சலசினோலின் முதல் அறிவிப்பு வந்தது டெட்ராஹெட்ரன் லெட்டர்ஸ் என்ற சேதன இரசாயன இதழில். இன்று உங்கள் வேலை இந்தக் கதையின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

இரண்டாம் படி: ஆய்வுப் பரப்பை வாசியுங்கள், பிறகு அதை நம்பாமல் சரிபாருங்கள்

ஒவ்வோர் இதழின் தளத்திலும் "நோக்கமும் பரப்பும்" என்ற பகுதி இருக்கும். அதை வாசித்து முடித்ததும் அந்த இதழின் கடைசி மூன்று வெளியீடுகளின் உள்ளடக்கத்தைத் திறந்து, முப்பது தலைப்புகளைக் கொப்பியில் எழுதுங்கள். எத்தனை தொகுப்பு இரசாயனம், எத்தனை தாவரம், எத்தனை கணினிக் கணிப்பு, எத்தனை மீளாய்வு (பிறர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதுவது) என்று பக்கத்தில் குறியிடுங்கள். அரை மணி நேர வேலை. இதழ் தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் உண்மையில் வெளியிடுவதற்கும் உள்ள இடைவெளி அங்கே தெரிந்துவிடும்.

துறையின் முக்கிய இதழ்களில் சில. அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் ஜர்னல் ஒஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி 1959 இல் வேறொரு நீண்ட பெயரில் தொடங்கி, 1963 முதல் இப்போதைய பெயரில் வருகிறது. ஐரோப்பிய மருந்து இரசாயன இதழ் 1966 இல் சிமிகா தெராப்பியூட்டிக்கா என்ற பெயரில் பிறந்தது. சுருக்கமான கண்டுபிடிப்புகளுக்கு 1991 இல் தொடங்கிய பயோஓர்கானிக் அண்ட் மெடிசினல் கெமிஸ்ட்ரி லெட்டர்ஸ். 2006 முதல் கெம்மெட்கெம். பிரித்தானிய ராயல் இரசாயனச் சங்கத்தின் மருந்து இரசாயன இதழ் 2010 இல் மெட்கெம்கொம் என்று வந்து 2020 இல் பெயர் மாறியது. மூலிகைப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு 1979 முதல் வரும் ஜர்னல் ஒஃப் எத்னோஃபார்மகோலஜி. இயற்கைச் சேர்வைகளுக்கு ஜர்னல் ஒஃப் நேச்சுரல் புரொடக்ட்ஸ். அது 1938 இல் லொய்டியா என்ற பெயரில் தொடங்கிய பழைய இதழ்.

பரப்பு என்பது தலைப்பு மட்டுமில்லை. ஆதாரத்தில் எந்த அளவுக்குக் கறாராக இருக்கிறார்கள் என்பதும் பரப்புக்குள் அடங்கும். ஜர்னல் ஒஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி, பரிசோதிக்கும் சேர்வை 95 சதவீதமாவது தூய்மையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அதை, கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. போன்ற முறையால் காட்ட வேண்டும். நம் ஆய்வுகூடத்தில் அந்தக் கருவி ஓடுகிறதா, இல்லாவிட்டால் கொழும்புக்கோ பேராதனைக்கோ மாதிரியை அனுப்ப வழி உண்டா என்பதை இப்போதே யோசியுங்கள். கட்டுரை எழுதி முடித்த பிறகு யோசித்தால் ஆறு மாதம் போய்விடும்.

இன்னொரு கறார் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2010 இல் ஜொனதன் பேல், ஜோர்ஜினா ஹொலோவே என்ற இருவர் இதே இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சில வகை மூலக்கூறுகள் எந்தப் பரிசோதனையில் போட்டாலும் தொழிற்படுவதுபோலத் தோன்றும். உண்மையில் அவை நொதியோடு முறையாகச் சேராமல் பரிசோதனையையே குழப்புகின்றன. சில ஒளிர்ந்து அளவீட்டைக் கெடுக்கும். சில கண்ட புரதத்தோடெல்லாம் தாக்கம் புரியும். சில திரண்டு கட்டியாகி நொதியை அடைத்துக்கொள்ளும். அந்த மூலக்கூறுகளை அடையாளம் காண அவர்கள் வடிகட்டிகளைத் தந்தார்கள். ஆங்கிலத் தலையெழுத்துகளைச் சேர்த்து "பெயின்ஸ்" என்று அவற்றை அழைக்கிறார்கள். தாவரச் சேர்வைகளில் வேலை செய்யும் நமக்கு இது நேராக வந்து விழும் அடி. மஞ்சளில் உள்ள குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 இல் அதே இதழில் வந்த ஒரு நீண்ட மீளாய்வு, குர்குமின் நிலையற்றது, உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, பரிசோதனைகளைக் குழப்பக்கூடியது என்று அடுக்கடுக்காகக் காட்டியது. மஞ்சளை நாம் கைவிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஒரு சோதனைக் குழாயில் கிடைத்த எண்ணை மருந்து என்று எழுதிவிடாதீர்கள் என்று சொன்னது. உங்கள் சேர்வை அந்த வகையைச் சேர்ந்ததா என்று மதிப்பீட்டாளர் கேட்பார். நீங்கள் அதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டொக்கிங் மட்டும் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினித் திரையில் மூலக்கூறு நொதியின் குழிக்குள் அழகாகப் பொருந்தும் படம் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ஆய்வுகூடச் சான்று இல்லாத டொக்கிங் கட்டுரைகளை முன்னணி மருந்து இரசாயன இதழ்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஒரு நொதிப் பரிசோதனையையாவது சேர்த்தால் கட்டுரையின் நிலையே மாறும்.

மூன்றாம் படி: இதழ் உண்மையில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

இதற்குப் பணம் வேண்டாம். நகர நூலகத்தின் கணினியோ கைபேசியோ போதும். ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தின் மூலப் பட்டியலைச் சந்தா இல்லாமல் தேடலாம். தாக்கக் காரணியை வழங்கும் கிளாரிவேட் நிறுவனத்தின் முதன்மை இதழ்ப் பட்டியலும் திறந்திருக்கிறது. இதழ்களைத் தரவரிசைப்படுத்தும் சிமாகோ தளம் இலவசம். எல்லோரும் இலவசமாக வாசிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால் டோஜ் என்ற அடைவில் தேடலாம்.

தேடும்போது இதழின் பெயரை நம்ப வேண்டாம். ஒவ்வோர் இதழுக்கும் உரிய எட்டு இலக்க அடையாளமான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். நல்ல இதழ்களின் பெயரையே திருடிப் போலித் தளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஒரு சொல்லை முன்பின்னாக மாற்றிப் பெயர் வைப்பவர்களும் இருக்கிறார்கள். பட்டியலில் உள்ள இணைப்பைச் சொடுக்கி, அங்கே திறக்கும் தளமும் உங்களுக்கு மின்னஞ்சல் வந்த தளமும் ஒன்றா என்று பாருங்கள். பட்டியலில் எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டுள்ளது என்பதையும் கவனியுங்கள். முன்பு இருந்து பிறகு நீக்கப்பட்ட இதழ்கள் பழைய பெருமையைத் தளத்தில் அப்படியே விட்டுவைக்கும்.

அன்று அந்த மாணவியோடு உட்கார்ந்து இதைத்தான் செய்தேன். அவருக்கு வந்த மின்னஞ்சலில் இருந்த ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை ஸ்கோப்பஸ், கிளாரிவேட் ஆகிய இரண்டு பட்டியலிலும் போட்டோம். இரண்டிலும் எதுவும் வரவில்லை. 7.9 எங்கிருந்து வந்தது என்று இதழின் தளத்தில் தேடினோம். கிளாரிவேட்டோடு தொடர்பே இல்லாத ஒரு "உலகத் தரக் காரணி" அங்கே இருந்தது.

நான்காம் படி: தாக்கக் காரணியை உங்கள் கையால் ஒரு தடவை கணக்கிடுங்கள்

கையால் கணக்கிட்டவர் அந்த எண்ணை அதற்குப் பிறகு ஒருபோதும் பழைய பயத்தோடு பார்க்க மாட்டார். யூஜின் கார்ஃபீல்ட் 1955 இல் மேற்கோள்களைத் தொகுக்கும் யோசனையை முன்வைத்தார். இன்று தாக்கக் காரணியை ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கிளாரிவேட் நிறுவனம் வெளியிடுகிறது.

கணக்கு எளிது. 2024 க்கான காரணி வேண்டுமென்றால், அந்த இதழ் 2022 இலும் 2023 இலும் வெளியிட்ட ஆக்கங்களுக்கு 2024 இல் எத்தனை மேற்கோள் கிடைத்தது என்று எண்ண வேண்டும். அதை அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரைகள், மீளாய்வுகளின் மொத்தத்தால் வகுக்க வேண்டும்.

கற்பனையாக ஓர் இதழை வைத்துக்கொள்வோம். 2022 இல் 180 கட்டுரை, 2023 இல் 220 கட்டுரை; மொத்தம் 400. மேற்கோள் 1,400. காரணி 3.5. இப்போது அந்த 400 இல் ஒரேயொரு மீளாய்வுக்கு மட்டும் 300 மேற்கோள் கிடைத்தது என்று வையுங்கள். அதை நீக்கினால் 1,100 ஐ 399 ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 2.8. ஒரு கட்டுரை இதழின் முகத்தையே மாற்றிவிட்டது. மற்ற 399 பேரும் அதே கட்டுரைகளைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இது கற்பனைக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். படிகவியல் இதழான அக்டா கிரிஸ்டலோகிராஃபிக்காவின் "ஏ" பிரிவில் 2008 இல் ஜோர்ஜ் ஷெல்ட்ரிக் தம்முடைய ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாற்றை எழுதினார். படிகக் கட்டமைப்பைத் தீர்க்கும் இரசாயனவியலாளர்கள் அனைவரும் அந்த ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். 2 ஐ ஒட்டி இருந்த இதழின் காரணி 2009 இல் 49.9 ஆக எழுந்தது. கணக்கில் வரும் இரண்டு ஆண்டுகள் கடந்ததும் பழையபடி 2 அளவுக்கு இறங்கிவிட்டது.

மாணவர்களுக்கு இதை விளக்கும்போது கன்னியா வெந்நீரூற்றைச் சொல்வேன். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. ஏழின் சராசரியைப் பலகையில் எழுதி வைத்தால், நீங்கள் வாளி விடப்போகும் கிணற்றின் சூடு அதிலிருந்து தெரியுமா? தாக்கக் காரணி கிணறுகளின் சராசரி. உங்கள் கட்டுரை ஒரு கிணறு. பெரும்பாலான இதழ்களில் கொஞ்சக் கட்டுரைகளே மேற்கோளில் பெரும்பகுதியை அள்ளுகின்றன.

இன்னும் இரண்டு நுணுக்கம். ஆசிரியவுரை, கடிதம் போன்றவற்றுக்குக் கிடைக்கும் மேற்கோள் மேலே தொகுதியில் சேரும். ஆனால் கீழே வகுக்கும் எண்ணில் அவை சேருவதில்லை. மேலும் 2023 வெளியீட்டிலிருந்து கிளாரிவேட் ஒரு தசம இடம் மட்டுமே தருகிறது. முன்பு இருந்த மூன்று தசமம், இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டியது. ஆகவே இது நல்ல மாற்றம். அதே ஆண்டில், வளர்ந்துவரும் இதழ்களின் பட்டியலில் இருந்தவற்றுக்கும் காரணி வழங்கத் தொடங்கினார்கள். "எங்களுக்குத் தாக்கக் காரணி உண்டு" என்ற வாசகம் முன்பைப்போலத் தரத்தைப் பிரித்துக் காட்டுவதில்லை.

துறையை விட்டுத் துறை ஒப்பிடுவதும் தவறு. ஜர்னல் ஒஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியின் காரணி அண்மைய ஆண்டுகளில் 7 ஐ ஒட்டி ஏறி இறங்குகிறது. எத்னோஃபார்மகோலஜி இதழ் 5 ஐ ஒட்டி நிற்கிறது. பயோஓர்கானிக் அண்ட் மெடிசினல் கெமிஸ்ட்ரி லெட்டர்ஸ் 3 க்குச் சற்றுக் கீழே. இதை வைத்து, மூலிகை இதழ் அந்த இரசாயன இதழைவிடச் சிறந்தது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். வாசிக்கும் கூட்டம் வேறு, மேற்கோள் காட்டும் பழக்கம் வேறு. மருந்து நிறுவனத்தில் மூலக்கூறு செய்பவர் அந்த லெட்டர்ஸ் இதழை வாசிக்கிறார். வாசித்ததை எல்லாம் அவர் கட்டுரையாக எழுதி மேற்கோள் காட்டுவதில்லை.

ஐந்தாம் படி: மற்ற எண்களை விரைவாகப் பாருங்கள்

சைட்ஸ்கோர், ஸ்கோப்பஸின் தரவிலிருந்து வருவது. 2016 இல் அறிமுகமாகி, 2020 இல் முறை மாறியது. இப்போது நான்கு ஆண்டுகளில் வெளியான ஆக்கங்களுக்கு அதே நான்கு ஆண்டுகளில் கிடைத்த மேற்கோளைக் கணக்கிடுகிறது. ஆகவே பொதுவாகத் தாக்கக் காரணியைவிடப் பெரிதாக இருக்கும். ஓர் இதழின் சைட்ஸ்கோரை மற்றோர் இதழின் தாக்கக் காரணியோடு ஒப்பிடுவது கிலோவையும் இறாத்தலையும் ஒப்பிடுவது போன்றது. அடிக்கடி நடக்கிறது.

சிமாகோவின் எஸ்.ஜே.ஆர்., யார் மேற்கோள் காட்டினார் என்பதற்கும் எடை கொடுக்கிறது. மதிப்பான இதழிலிருந்து வரும் மேற்கோளுக்குப் பெறுமதி கூட. ஸ்னிப், துறைக்குத் துறை மாறும் மேற்கோள் பழக்கத்தைச் சமன்செய்கிறது. எத்தனை கட்டுரைக்கு அத்தனை மேற்கோளாவது கிடைத்தது என்று காட்டும் எச்-சுட்டெண்ணை 2005 இல் ஹோர்கே ஹிர்ஷ் தனிப்பட்ட ஆய்வாளருக்காக முன்வைத்தார், இதழுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பழைய, பெரிய இதழுக்கு அது தானாகவே உயரும்.

எனக்குப் பிடித்த எண் வேறொன்று: மேற்கோள் அரைவாழ்வு. அரைவாழ்வு என்றால் இரசாயன மாணவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் ஆண்டில் இதழுக்குக் கிடைத்த மேற்கோள்களில் பாதி எத்தனை ஆண்டுக்குள் வந்த கட்டுரைகளுக்குச் சேர்கிறது என்பதை அது காட்டும். ஒரு மூலக்கூறு மருந்தாக மருந்தகத்துக்கு வர ஏறக்குறைய பத்து ஆண்டும் அதற்கு மேலும் எடுக்கும் துறையில், இரண்டு ஆண்டு மேற்கோளை மட்டும் பார்ப்பது நெல் விதைத்த மறு கிழமை அரிவாளோடு வயலுக்குப் போவதற்குச் சமம். சலசினோல் கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த மேற்கோள்களில் எதுவும் இன்று அந்த இதழின் தாக்கக் காரணியில் சேர்வதில்லை.

ஆறாம் படி: கால்வகுப்பு எந்தத் துறைக்குள் என்று கேளுங்கள்

"க்யூ1 இதழ்" என்று பேச்சில் ஓடும் சொல், ஒரு துறைப் பட்டியலின் முதற் கால்பகுதியைக் குறிக்கிறது. ஓர் இதழ் இரண்டு மூன்று துறைப் பட்டியலில் இருக்கலாம். மருந்து இரசாயனத்தில் இரண்டாம் கால்பகுதியிலும், தாவர விஞ்ஞானத்தில் முதற் கால்பகுதியிலும் இருப்பது சர்வசாதாரணம். சிமாகோவின் கால்வகுப்பும் கிளாரிவேட்டின் கால்வகுப்பும் ஒத்துப்போக வேண்டும் என்றும் இல்லை. விண்ணப்பத்தில் எழுதும்போது எந்தப் பட்டியல், எந்தத் துறை, எந்த ஆண்டு என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

ஏழாம் படி: பணமும் நாளும்

கட்டுரை வெளியிடப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்று நினைக்கும் மாணவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது. மேலே சொன்ன மருந்து இரசாயன இதழ்கள் பலவற்றில் சந்தா வழியைத் தெரிந்தெடுத்தால் வெளியீட்டுக் கட்டணம் இல்லை. எல்லோரும் இலவசமாக வாசிக்கும்படி வெளியிட விரும்பினால்தான் கட்டணம். முழுவதும் திறந்த அணுக்கமாக உள்ள இதழ்களில் கட்டணம் உண்டு. ஆனால் வருமானம் குறைந்த நாடுகளின் ஆசிரியர்களுக்குச் சலுகை தரும் வெளியீட்டாளர்கள் இருக்கிறார்கள். அனுப்புவதற்கு முன்பே சலுகைப் பக்கத்தைப் படித்து எழுத்தில் கேளுங்கள். பைல்ஸ்டைன் நிறுவனத்தின் சேதன இரசாயன இதழைப்போல, வாசகரிடமும் ஆசிரியரிடமும் பணம் வாங்காத இதழ்களும் உண்டு. நம் நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றம் வெளியிடும் பல்துறை இதழ் கிளாரிவேட்டின் பட்டியலில் இருக்கிறது. அதன் காரணி சிறிது என்பதற்காக ஒதுக்காதீர்கள்.

முதல் முடிவுக்குச் சராசரியாக எத்தனை நாள் என்பதைப் பல இதழ்கள் தளத்தில் தருகின்றன. மதிப்பீட்டுக்கு அனுப்பாமலே திருப்பி அனுப்பப்படும் கட்டுரைகளும் அந்தச் சராசரியில் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். உண்மையான மதிப்பீட்டுக்கு வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும்.

எட்டாம் படி: வலைவிரிக்கும் இதழை அடையாளம் காணுங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் கடன் வாங்கி அப்படியோர் இதழுக்குப் பணம் கட்டினார். ஐந்தாம் நாள் கட்டுரை வெளிவந்தது. ஓர் எழுத்துப் பிழையைக்கூட யாரும் திருத்தவில்லை. பதினெட்டு மாதம் கழித்து இதழின் தளமே காணாமற் போயிற்று. வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்றால், ஏற்கெனவே வெளியான கட்டுரையை நல்ல இதழ் எதுவும் எடுக்காது. இரண்டு ஆண்டு உழைப்பு. அவருடைய அம்மா என்னிடம், "பிள்ளை படித்தது வீணா, சேர்?" என்று கேட்டார். இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

அடையாளங்கள் இவை. உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத புகழ்ச்சியோடு அழைப்பு வரும். மூன்று நாளில் முடிவு என்ற வாக்குறுதி இருக்கும். கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகே கட்டணம் தெரியவரும். ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படும் பேராசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழின் பெயரே இராது. ஒரே இதழில் மருந்து இரசாயனமும் வங்கியியலும் பக்கத்துப் பக்கத்தில் வரும். டி.ஓ.ஐ. எண் இருக்கிறது என்பது தரச் சான்று ஆகாது. அது கட்டுரைக்கான ஒரு நிலையான இணைய முகவரி மட்டுமே.

பெரிய பெயர்களும் சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஹிந்தாவி என்ற வெளியீட்டு நிறுவனத்தின் இதழ்களில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் 8,000 க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. முறைகேடான மதிப்பீடுதான் காரணம். ஆகவே பட்டியலில் இருப்பதைப் பார்த்த பிறகும், மீளப்பெற்ற கட்டுரைகளைப் பதிவுசெய்யும் ரிட்ராக்ஷன் வொட்ச் தரவுத்தளத்தில் இதழின் பெயரை ஒரு முறை தேடுங்கள்.

ஒன்பதாம் படி: மூன்று இதழை வரிசைப்படுத்தி, முதலாவதற்கு ஏற்றபடி எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று பெயர். ஒவ்வொன்றின் பக்கத்திலும், உங்கள் கட்டுரை மேற்கோள் காட்டும் ஆக்கங்களில் எத்தனை அந்த இதழிலிருந்து வந்தவை என்று எழுதுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால், உங்கள் வாசகர் அங்கே இல்லை என்பதற்கு அது வலுவான அறிகுறி. என் அனுபவத்தில் எந்தத் தாக்கக் காரணியையும்விட இந்த எண் அதிகம் உதவியிருக்கிறது.

பிறகு முதலாவது இதழின் ஆசிரியர் அறிவுறுத்தலை வரி வரியாக வாசியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. இணைப்புக் கடிதத்தில் புதிதாக என்ன கண்டீர்கள், அது இந்த இதழின் வாசகருக்கு ஏன் வேண்டும் என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள்.

அந்த மாணவியோடு இந்தத் தாளை நிரப்பியபோது எத்னோஃபார்மகோலஜி முதலில் வந்தது. அதன் அறிவுறுத்தலை அவர் சத்தமாக வாசித்தார். தாவரத்தின் மரபுவழிப் பயன்பாட்டைச் சொல்ல வேண்டும். அது அவரிடம் இருந்தது. தயாரிக்கும் முறை மரபோடு பொருந்த வேண்டும். நம் ஊரில் ஆவாரையைத் தண்ணீரில் காய்ச்சித்தான் குடிப்போம், மெதனோலில் ஊறவைத்து யாரும் குடிப்பதில்லை. "அப்படியென்றால் தண்ணீர்ச் சாற்றையும் பார்க்க வேண்டும், சேர்" என்றார், நான் சொல்வதற்கு முன்பே. அடுத்த வரி: உலர் தாவர மாதிரியும் அதன் பதிவெண்ணும். அங்கே நிறுத்திவிட்டார். இலையை எல்லாம் அரைத்திருந்தார். ஒரு கிளையைக்கூட எடுத்து வைத்திருக்கவில்லை.

மறுநாள் காலை நிலாவெளி வீதியில், முன்பு இலை பறித்த அதே இடத்துக்குப் போனார். பூவும் காயும் இலையும் சேர்ந்த இரண்டு கிளையை வெட்டி, பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே விரித்து, மேலே இரண்டு தடித்த புத்தகத்தை வைத்துக் கட்டினார். தாளின் ஓரத்தில் இடம், திகதி, சேகரித்தவர் பெயர். பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரக் கூடத்துக்குக் கொண்டுபோய் அடையாளம் உறுதிசெய்யக் கண்டி பஸ்ஸில் ஏறும்போது அந்தக் கட்டை மடியில் வைத்திருந்தார்.